மூடாத புகார்கள்

குடிநீர் வாரியத்தின் ஏழாம் மண்டல அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புகார் அக்கா. அதிகாரிக்கும் அக்கா, கூட்டிப் பெருக்குகிறவருக்கும் அக்கா, தண்ணீர் வராமல் வயிறெரிந்து போன் போடும் எழுபது வயதுப் பெரியவருக்கும் அக்கா. "அவரும் என்னை அக்காங்கறாரே, நான் என்ன அவருக்கு முன்னாடியே பிறந்து தொலைச்சேனா?" என்று ரிசீவரை வைத்துவிட்டுச் சிரிப்பாள். நாற்பத்தெட்டு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் அந்த மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் போயிற்று.

அறை என்று சொல்வதே அதிகம். ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, அதில் ஒன்று நிரந்தரமாகச் செத்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓதம். அலுவலகக் குழாயில் தண்ணீர் வராது, அலுவலகச் சுவரில் வரும். கேட்டால் சிரிப்பீர்கள், குடிநீர் வாரியத்துக்காரர்கள் குடிக்க வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

வேலை எளிதுதான். போன் வந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து "ஆச்சு" என்றால், "சரி செய்யப்பட்டது" என்று எழுதித் தேதி போட்டுப் புகாரை மூட வேண்டும். ஆள் போனாரா, பார்த்தாரா, ஆச்சா என்பதெல்லாம் அந்த ஆளுக்கும் ஆண்டவனுக்கும் இடையே உள்ள விஷயம். வாரியத்தில் மொத்தம் ஒன்பது மண்டலம். மற்ற எட்டிலும் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு எழுத்தர் பதிவேட்டை விரிப்பார், அன்றைக்கு வந்த புகார்களை எல்லாம் ஒரே மூச்சில் மூடுவார், டீ குடிக்கப் போவார். "நாலு மணி மூடல்" என்று அதற்குப் பெயரே உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அங்கே தோட்டத்தையே மறைத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அக்காவும் ஊரோடு ஒத்துத்தான் வாழ்ந்தாள். ஒருநாள் இரண்டு கையிலும் இரண்டு காலி வாளியோடு ஒரு மனிதர் வந்தார். தன் புகார் என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்கா பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"சரி... செய்யப்... பட்டது." நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கும்மா சரியாச்சு? உங்களுக்கா?"

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் அக்காவும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். அவர் வாளிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.  அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாளிலிருந்து அக்கா ஒரு வழக்கம் ஆரம்பித்தாள். அந்த வாரியத்தில் வேறு யாரும் செய்யாத வழக்கம். மூடுவதற்கு முன்னால் புகார் கொடுத்த வீட்டுக்கு இவளே போன் போடுவாள். "குழாயைத் திறங்க. போனைக் கிட்டக் கொண்டு போங்க. யாரும் பேசாதீங்க." தண்ணீர் விழும் சத்தம் காதில் விழுந்தால்தான் பேனாவைத் திறப்பாள். அந்தக் காலத்தில் போன் கூடத்தில் இருக்கும், குழாய் சமையலறையில் இருக்கும். வயர் எட்டாது. வீட்டுக்காரம்மா குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, "எல்லாம் வாயை மூடுங்க, அக்கா கேக்கறாங்க!" என்று வீட்டையே அதட்டுவார்.

வால்வு திறந்து மூடுகிற ஆட்களில் மூத்தவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். ஒருமுறை அவரே அக்காவை ஏமாற்றப் பார்த்தார். புகார் வீட்டிலிருந்தே போன் போட்டு, "வந்துருச்சும்மா, கேளு" என்றார். சத்தமும் கேட்டது.

"அண்ணே, சொம்பைக் கீழ வைங்க."

"என்னது?"

"குழாய்த் தண்ணி முதல்ல காத்தைத் துப்பும், இருமும், அப்புறம்தான் விழும். உங்க தண்ணி இருமாம வருது. இன்னும் கொஞ்சம் ஊத்தினா அந்த வீட்டுக்காரங்க குடிக்க வச்சிருந்ததும் தீர்ந்துரும்."

 அந்தப் பக்கம் சாவிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றோடு இருவரும் அண்ணன் தங்கை ஆகிப்போனார்கள்.

இதனால் என்ன ஆயிற்று? மற்ற மண்டலங்களில் ஒரு புகார் சராசரியாக இரண்டு நாளில் மூடப்பட்டது. ஏழில் பத்தொன்பது நாள். எட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற மண்டல அதிகாரிகள் ஒவ்வொருவரும் வந்த வாரத்தில் அவளைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவள் தலையாட்டுவாள். மண்டலத்தின் தெருக்கள் அவர்களுக்கு மனப்பாடம் ஆவதற்குள் மாற்றல் வந்துவிடும். அவள் பாட்டுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றும் செய்தாள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, கூடுதலாக ஒரு கட்டம் உண்டாக்கினாள். தலைப்பில் ஒரே சொல்: "ஏன்". அதில் அவள் எழுதினதைப் படித்தால் உங்களுக்கே புரியும். "பம்பு நிலையத்தில் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை." "வால்வு தேய்ந்துவிட்டது. புதிது கேட்டு எழுபத்திரண்டு நாள். கோப்பு கொள்முதல் பிரிவில்." "திறக்க ஆள் இல்லை. பணியிடம் பன்னிரண்டு, ஆள் ஐந்து." "மெயின் குழாய் வெடிப்பு. ஒட்டுப்போட்ட இடத்திலேயே நாலாவது தடவை." அரசாங்க அலுவலகம் ஏன் ஒழுங்காக நடப்பதில்லை என்று படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், தலையணை மாதிரிப் புத்தகம் எழுதுகிறார்கள். இவள் இரண்டு விரல் அகலக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தாள். யாரும்தான் படிக்கவில்லை.

அந்தக் கட்டத்தில் அதிகம் வந்தது மெயின் குழாய்தான். நாற்பது வருடப் பழசு. அதை மாற்றினால் பாதிப் புகார் வரவே வராது. மற்றப் பெண்கள் சொந்த வீடு, மகள் கல்யாணம் என்று ஆசைப்படும் வயதில் இவள் ஆசைப்பட்டது ஒரு இரும்புக் குழாய்க்கு. வீட்டிலும் அதே பேச்சு. "உனக்கு வாய்ச்ச புருஷன் நானா, அந்த மெயினா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். மரக்கடையில் கணக்கப்பிள்ளை அவர். வாய் அதிகம் திறக்காத மனிதர்.

அந்த ஆசையில்தான் சின்னவன் கை வைத்தான்.

சின்னவன் அவளுடைய கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது எட்டாம் வகுப்பு. தாயில்லாப் பிள்ளை. வந்த முதல் வாரமே அவன் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். பரீட்சைக்கு விடிகாலையில் எழுப்பி, எதிரே உட்கார்ந்து தூங்கி வழிந்தவள் அவள்தான். இதற்கெல்லாம் அவள் கணக்கு வைத்துக்கொண்டதில்லை, இப்போது நான்தான் சொல்கிறேன். படித்தான், பொறியாளர் ஆனான், அதே வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தான், மளமளவென்று ஏறினான். முப்பத்தெட்டு வயதில் நாலாவது மாடியில் குளிரூட்டிய அறை. வாசலில் "செயல்திறன் மேம்பாட்டுப் பிரிவு" என்று பலகை. கல்யாணமாகித் தனி வீடு போன பிறகும் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கையால் சாப்பிட வந்துவிடுவான். தெருமுனையில் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏறும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்து சொன்னான்.

"அண்ணி, உங்க மெயின் பைப்புக்கு வழி பிறந்திருக்கு."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"வெளியிலேருந்து நிதி வருது. ஆனா வாரியம் ஏன் சரியா நடக்கலைன்னு முதல்ல கண்டுபிடிச்சுச் சொல்லணுமாம். ஒன்பது மண்டலத்தையும் அளக்கப் போறோம். எங்க நிலைமை ரொம்ப மோசமோ அங்கதான் முதல்ல பைப். மத்தவங்க பதிவேட்டைப் பார்த்தா எல்லா வீட்டுலயும் அருவி கொட்டுது. உண்மையா எழுதினது நீங்க ஒருத்தர்தான். உங்க பதிவேட்டை ஒரு வாரம் குடுங்க."

"அந்த 'ஏன்' கட்டம்..."

"அதுதான் அண்ணி தங்கம்! அதுக்காகத்தானே கேக்கறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒருவன் அந்தக் கட்டத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னான். அதுவும் தான் வளர்த்த பிள்ளை. அவள் கண் கலங்கியதை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாருங்க, நம்ம சின்னவன்!" என்று கூடத்தில் இருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றார். அவர் எப்போதுமே அப்படித்தான். அவள் பொருட்படுத்தவில்லை.

பதிவேட்டோடு ஒரு தாளும் வேண்டும் என்றான். பதிவேட்டில் இருப்பது உண்மை என்று வால்வு ஆட்கள் ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும். மறுநாள் அக்கா அந்தத் தாளை நீட்டியபோது சாவிக்காரர் பேனாவைத் தொடவில்லை.

"வேணாம்மா. எல்லாரும் பவுடர் பூசிட்டு நிக்கிற இடத்துல நாம மட்டும் அழுக்கு மூஞ்சியோட போய் நிக்கணுமா? எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். வம்பு வேணாம்."

"அண்ணே, கேக்கறது யாரோ அதிகாரி இல்ல. நம்ம சின்னவன்."

"நம்ப நட, நம்பி நடக்காதேன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அவனை நம்பாதீங்க. என்னை நம்புங்க. என்னை நம்பலாம்ல?"

இதற்குமேல் மனிதர் என்ன சொல்வார்? சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து மற்ற நாலு பேரும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அக்கா இருந்த இருப்பு இருக்கிறதே! தண்ணீர் வரவில்லை என்று போன் வந்தால், "இன்னும் கொஞ்ச நாள்தாங்க, புது மெயின் வருது" என்று வாக்குக் கொடுத்தாள். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு டீச்சரம்மா, முழங்கால் வலியோடு கீழிருந்து குடம் சுமக்கிறவர், "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றார். எந்தத் தெருவில் முதலில் தோண்டுவார்கள், எத்தனை அங்குலக் குழாய் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். ஒருமுறை மட்டும், "ரொம்ப ஆசை வச்சுக்காத" என்றார். "உங்களுக்கு எப்பவும் அபசகுனம்தான்" என்று இவள் வாயை அடைத்துவிட்டாள்.

உத்தரவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. மண்டல அதிகாரி மாடிப்படியில் நின்று படித்தார். ஆய்வின்படி ஒன்பது மண்டலங்களில் செயல்திறனில் கடைசி இடம் ஏழாம் மண்டலம். இங்கே வாரியத்தால் சேவை வழங்க இயலவில்லை என்பது ஆவணங்களால் உறுதியாகிறது. ஆகவே ஒன்றாம் தேதி முதல் இம்மண்டலம் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்படுகிறது. பணியாளர்கள் வெளி மண்டலங்களுக்கு மாற்றப்படுகிறார்கள். புதுக் குழாய்க்கான நிதி இரண்டாம் மண்டலத்துக்கு, சிறந்த செயல்திறனுக்கான ஊக்கமாக.

இரண்டாம் மண்டலத்தில்தான் நாலு மணி மூடலையே கண்டுபிடித்தார்கள்.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. எங்கோ தவறு நடந்திருக்கிறது, சின்னவனுக்குச் சொன்னால் சரி செய்துவிடுவான் என்றுதான் தோன்றியது. பாருங்கள் அந்தப் பைத்தியக்கார மனசை. அதிகாரி போன பிறகு, உத்தரவோடு வந்து மேசையில் கிடந்த ஆய்வறிக்கையை எடுத்துப் புரட்டினாள். பின்னிணைப்பு மூன்றில் அவளுடைய பதிவேடு, நகல் எடுத்த பதினாறு பக்கம். அவளுடைய கையெழுத்து, அவளுடைய தேதிகள், அவளுடைய பத்தொன்பது நாள். வலது ஓரத்தில் மட்டும் ஏதோ குறைந்தது.

சிவப்புக் கோடு இல்லை. "ஏன்" இல்லை. அந்த இடத்தில் மேலிருந்து கீழே மெல்லிய கறுப்பு நிழல் ஒன்று ஓடியது. காகிதத்தை மடித்துவைத்து நகல் எடுத்தால் விழுமே, அந்த நிழல். ஒரு பக்கம் என்றால் கை தவறியது எனலாம். பதினாறு பக்கத்திலும் அதே அளவுக்கு, அதே இடத்தில், நகத்தால் நீவி மடித்திருந்தார்கள். அடுத்த பக்கத்தில் ஐந்து கையெழுத்து. அதற்கு மேலே தட்டச்சில் ஒரு வரி: "பணியாளர்களே ஒப்புக்கொண்டுள்ளனர்."

நிமிர்ந்தபோது ஐந்து பேரும் வாசலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நேரே தலைமை அலுவலகத்துக்குப் போனாள். நாலாவது மாடி வராந்தா பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே விட்டதும் சின்னவன் எழுந்து கதவைச் சாத்தினான். அதிகாரி அறையில் அண்ணி குரல் உயர்ந்தால் நன்றாக இருக்காது அல்லவா?

"உட்காருங்க அண்ணி. தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஏன்டா மடிச்ச?"

அவன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"பதினாறு பக்கம். உன் கையா, வேற ஆள் கையா? அதை மட்டும் சொல்லு."

"அண்ணி, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ஒரு மண்டலத்தைக் கம்பெனிக்குக் குடுத்தே ஆகணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. அது நிதி குடுக்கறவங்க நிபந்தனை. எதைக் குடுக்கறதுங்கறதுதான் என் வேலை. எட்டு மண்டலமும் பொய்தான், எனக்குத் தெரியாதா? ஆனா பொய்ப் பதிவேட்டை வச்சுக்கிட்டு 'இவங்க மோசம்'னு எப்படி நிரூபிக்கிறது? உண்மையா எழுதின பதிவேடு ஒண்ணுதான் இருந்துச்சு."

"சரி. அந்தக் கட்டத்தை ஏன் மறைச்ச?"

"அதையும் போட்டா என்ன ஆகும்? கரண்ட் இல்ல, ஆள் போடல, வால்வு வாங்கல, அதிகாரியை எட்டு மாசத்துக்கு ஒருதரம் மாத்தறாங்க... தப்பு யாரோடதுன்னு ஆகும்? மேல இருக்கறவங்களோடதுன்னு ஆகும். அந்த அறிக்கையில நான் எப்படி அண்ணி கையெழுத்துப் போட முடியும்?"

என்ன நியாயம் பார்த்தீர்களா! பொய் எழுதினவர்களுக்குப் பரிசு, உண்மை எழுதினவளுக்குத் தண்டனை, அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு இல்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். கடா பாய்வதற்கு முன்னால் தலையைக் குனியும், அந்த அளவுக்காவது நமக்கு எச்சரிக்கை உண்டு. இவன் தட்டை நீட்டிக்கொண்டே பாய்ந்தான்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேடா. 'அண்ணி, எனக்கு வேற வழி இல்ல'ன்னு ஒரு வார்த்தை."

"கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க."

அது ஒன்றுதான் அன்று அவன் சொன்னதில் உண்மை. அவள் எழுந்தாள். அவனும் எழுந்து, சின்ன வயதில் மன்னிப்புக் கேட்க வரும்போது வைத்துக்கொள்கிற அதே முகத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது அண்ணி. கம்பெனியில மேற்பார்வையாளர் வேலை பேசி வச்சிருக்கேன். ஏசி ரூம். அண்ணன்கிட்டக்கூட அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டேன். அவரும் நல்லதுதான்னு சொன்னார்."

அக்கா கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். "என்னிக்கு?"

"உங்ககிட்டப் பதிவேடு கேட்ட அன்னிக்கு. கீழ வண்டிகிட்ட வழியனுப்ப வந்தார்ல..."

சின்னவன் செய்ததற்குக் கோபம் வந்தது. இதற்கு அதுகூட வரவில்லை.  நாலு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை காத்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

அவர் மாட்டின சட்டையை மறுபடி எடுத்து, உதறி, மறுபடி மாட்டினார்.

"அவன் என் தம்பி. அவன் பதவி சம்பந்தப்பட்டது. உனக்கும் நல்ல வேலைதானே சொல்லியிருக்கான்? இனிமே அந்த ஓதம் பிடிச்ச ரூம்ல கிடக்க வேணாம்."

"நாலு மாசம்."

"சொன்னா நீ ரகளை பண்ணுவ."

"நாலு மாசம் தினமும் எதிர்ல உக்காந்து, எந்தத் தெருவுல முதல்ல தோண்டுவாங்கன்னு சொன்னேனே. வாயை மூடுன்னு சொல்லியிருக்கலாம்ல? கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்களே!"

  "ரொம்ப ஆசை வச்சுக்காதன்னு சொன்னேனே" என்று முணுமுணுத்தார். அக்கா வாய்விட்டு அழுதாள். கூடத்தில் நின்றபடியே, அண்டை வீட்டுக்குக் கேட்கும் என்ற நினைப்பில்லாமல் அழுதாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் முன்னால் அவள் தோற்றதில்லை, அன்று தோற்றாள்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. திறந்தபடி நின்ற புகார்கள் நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் போன் போட்டாள். "புது மெயின் வருதுன்னு நான் சொன்னது பொய்யாப் போச்சு. தெரிஞ்சு சொல்லல. மன்னிச்சிருங்க." சிலர் திட்டினார்கள். சிலர் பரவாயில்லை என்றார்கள். டீச்சரம்மா மட்டும், "நீங்களே கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்களாமே அக்கா, உங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா ஆமாம் என்றாள்.

கம்பெனி ஆட்கள் கணினியோடு வந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் நாற்பத்தொரு புகாரையும் மளமளவென்று ஏற்றினாள். "எங்க முறையில நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனா புகார் தானா மூடிக்கும் மேடம்" என்று மரியாதையாக விளக்கினாள். நாற்பத்தொன்றும் அதைவிடப் பழசு. ஏற்றி முடித்ததும் திரையில் நிலுவை பூஜ்யம் என்று பச்சையில் வந்தது. "பார்த்தீங்களா?" என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரித்தாள். அவள்மேல் என்ன தப்பு, அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மேற்பார்வையாளர் பணிக்கான கடிதத்தை அக்கா பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒன்பதாம் மண்டலக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். இரண்டு பஸ் மாற வேண்டும். சாவிக்காரரை மூன்றாம் மண்டலத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில், தெரியாத தெருக்களில், எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று அடுத்தவரைக் கேட்டு நடக்க வேண்டும்.

கடைசி நாள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்துவிட்டாள். 

"அண்ணே, என் மேல கோவமா?"

"உன் மேல என்னம்மா கோவம்? நீ தெரிஞ்சா செஞ்ச?" தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவன் இன்னும் உன் வீட்டுக்கு வருவானா?"

"வருவான்."

"வந்தா சாப்பாடு போடுவியா?"

அக்கா பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"போடுவ," என்றார் சாவிக்காரர். "எனக்குத் தெரியும், நீ போடுவ. அது அவனுக்கும் தெரியும். அதனாலதான்மா ஒன்பது மண்டலத்துல உன்கிட்ட வந்தான்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவன் வந்தான். கையில் செய்தித்தாள். மூன்றே வாரத்தில் ஏழாம் மண்டலத்தில் நிலுவைப் புகார் பூஜ்யம் என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் அவன் படத்தையும் போட்டிருந்தார்கள். அண்ணனிடம் காட்டினான். அண்ணன் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை ஓட்டிவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தார். சின்னவன் எழுந்து வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி.

"அண்ணி, பசிக்குது."

சமையல் முடிந்திருந்தது. மூன்று பேருக்குக் காணும். கை தானாகவே தட்டுப் பக்கம் போனது. எத்தனை வருடப் பழக்கம். எடுத்தும் விட்டாள்.

தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் அண்ணன்கிட்டக் கேளு. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவனைத் தாண்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தவரையும் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எங்கே போகிறாள் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.